சனிக்கிழமையைப் பறிப்பவர் யார்?

“பந்து உதைக்கிறவனுக்குச் சங்கம் எதற்கு? விளையாடிச் சம்பளம் வாங்குகிறவன் வேலைநிறுத்தம் செய்யலாமா?”

இந்தக் கேள்வியை இங்கிலாந்திலே கால்பந்துக் கிளப்புகளின் முதலாளிகள் கேட்டார்கள். அதிலே வியப்பில்லை. சில பத்திரிகைகள் கேட்டன. அதிலும் வியப்பில்லை. ஆனால், நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கியவன் கேட்டான். பஞ்சாலையில் தறி ஓட்டியவன் கேட்டான். தன் ஆலையிலே சங்கக் கொடியைத் தூக்கிப் பிடித்தவன்கூட, சனிக்கிழமைப் பந்தாட்டம் என்று வந்ததும் அதே கேள்வியைக் கேட்டான். நாம் நின்று யோசிக்க வேண்டிய இடம் இதுதான், தோழர்களே!

பஸ் தொழிலாளி வேலைநிறுத்தம் செய்தால் “பயணிகள் பாவம்” என்பார்கள். தபால் ஊழியர் நிறுத்தினால் “கடிதத்துக்குக் காத்திருக்கும் தாய் பாவம்” என்பார்கள். வருஷம் முழுவதும் அந்தப் பயணியையும் அந்தத் தாயையும் ஏறெடுத்தும் பார்க்காதவர்களுக்கு, வேலைநிறுத்த நோட்டீஸ் கொடுத்த மறுநாள் காலையில் மட்டும் கருணை ஊற்றெடுத்து ஓடும்! தொழிலாளிக்கு எதிராகத் தொழிலாளியையே நிறுத்தும் பழைய வித்தை இது. இங்கிலாந்துக் கால்பந்தின் கதையில் இந்த வித்தை முழு உருவத்தோடு தெரிகிறது. ஆகவேதான் அந்தக் கதையை இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுவோம். ரசிகனின் கவலை பொய்க் கவலை அல்ல. ஆறு நாள் உழைத்தவனுக்கு வாரத்திலே கிடைப்பது ஒரு பிற்பகல். அதையும் யாரோ பறித்துவிடுவார்களோ என்று அவன் அஞ்சினால், அவனை ஏளனம் செய்ய நமக்கு உரிமை இல்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு: சனிக்கிழமையைப் பறிப்பவர் யார்?

சனிக்கிழமை எப்படி வந்தது?

அந்தச் சனிக்கிழமைப் பிற்பகல் வானத்திலிருந்து விழுந்ததல்ல. 1850-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், பஞ்சாலைகளில் பெண்களும் இளைஞர்களும் செய்யும் வேலை சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்கு முடிய வேண்டும் என்று விதித்தது. அவர்கள் வெளியேறிய பின் ஆலையை ஓட்டுவது எப்படி? ஆகவே ஆண்களுக்கும் அந்த ஓய்வு வந்து சேர்ந்தது. வேலை நேரத்தைக் குறைக்கச் சொல்லித் தொழிலாளர்கள் ஆண்டுக்கணக்கில் நடத்திய கிளர்ச்சியின் விளைவு அது. சனிக்கிழமை 3 மணிக்குப் பந்து உருளத் தொடங்கியது என்றால், 2 மணிக்கு ஆலைச் சங்கு ஊதும்படி செய்தவர்கள் இருந்தார்கள் என்று பொருள்.

கிளப்புகள்தான் யாருடைய படைப்பு? இன்று உலகம் முழுவதும் பெயர் சொல்லும் மான்செஸ்டர் யுனைடெட், 1878-ல் நியூட்டன் ஹீத் ரயில்வேத் தொழிலாளர்கள் தொடங்கிய குழு. ஆர்சனல், 1886-ல் ஊலிச் ஆயுதத் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் தொடங்கியது. வெஸ்ட் ஹாம், 1895-ல் தேம்ஸ் இரும்பாலையின் கப்பல் கட்டும் தளத்திலே பிறந்தது.

அதற்கு முன்பு கால்பந்து கனவான்களின் பொழுதுபோக்கு. 1883-ல் எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தில், பணக்காரப் பிள்ளைகள் படித்த ஈட்டன் பள்ளியின் பழைய மாணவர் குழுவை பிளாக்பர்ன் ஒலிம்பிக் என்ற குழு தோற்கடித்தது. அதிலே நெசவாளி இருந்தான், நூற்பாலைக்காரன் இருந்தான், இரும்பு வார்ப்படத் தொழிலாளி இருந்தான். கனவான்கள் திடுக்கிட்டார்கள். “ஆட்டத்துக்குக் காசு வாங்குவது இழிவு” என்றார்கள். சோற்றுக்குக் கவலை இல்லாதவனுக்குக் காசு இழிவுதான்! ஒரு நாள் வேலை போனால் ஒரு நாள் அடுப்பு எரியாத வீட்டுக்காரன் காசு வாங்காமல் எப்படி ஆடுவான்? வடக்கத்திக் கிளப்புகள் பிரிந்துபோவோம் என்று எச்சரித்த பிறகுதான், 1885-ல் சம்பளத்துக்கு ஆடுவது சட்டபூர்வமாயிற்று. 1888-ல் 12 கிளப்புகள் சேர்ந்து லீக் அமைத்தன.

ஆக, ஆட்டம் தொழிலாயிற்று. ஆடுகிறவன் தொழிலாளி ஆனான். தொழில் என்றால் சம்பளம் வரும். சம்பளம் என்றால் தகராறும் வரும்.

நாலு பவுனும் ஒரு விலங்கும்

1901-ல் ஒரு விதி நடைமுறைக்கு வந்தது. எவ்வளவு பெரிய ஆட்டக்காரனாயிருந்தாலும் வாரத்துக்கு 4 பவுனுக்கு மேல் சம்பளம் தரக்கூடாது! மற்றத் தொழில்களில் தொழிலாளி கேட்பது குறைந்தபட்சக் கூலி. ‘இதற்குக் கீழே போகாதே’ என்பது அவன் கோரிக்கை. இங்கேயோ ‘இதற்கு மேலே போகாதே’ என்று முதலாளிகள் ஒன்றுகூடி உச்சவரம்பு கட்டினார்கள்.

அதற்கும் முன்பே, 1893 முதல், இன்னொரு விலங்கு பூட்டப்பட்டிருந்தது. ஆட்டக்காரனுக்கு ஒரு சீசனுக்குத்தான் ஒப்பந்தம். ஆனால் ஒப்பந்தம் முடிந்த பிறகும் அவனுடைய பெயர்ப் பதிவு கிளப்பின் கையிலேயே இருக்கும். “இவனை வைத்துக்கொள்கிறோம்” என்று கிளப் ஒரு பட்டியலில் எழுதிவிட்டால் போதும். வேறு எந்த லீக் கிளப்பிலும் அவன் ஆட முடியாது. கிளப் சொன்ன நிபந்தனைக்கு அவன் ஒப்பவில்லையா? சம்பளமும் கிடையாது, விடுதலையும் கிடையாது! போர்ட்ஸ்மவுத் குழுவின் தலைவனாயிருந்து பிறகு சங்கத் தலைவரான ஜிம்மி குத்ரி, 1955-ம் ஆண்டு பிரிட்டிஷ் தொழிற்சங்கக் காங்கிரஸ் மாநாட்டில், பிரிட்டனில் மிஞ்சியிருக்கும் கடைசிக் கொத்தடிமைகள் எங்கள் ஆட்டக்காரர்களே என்ற பொருள்படப் பேசினார். பேச்சுக்காகச் சொன்ன சொல் அல்ல அது. சட்டப் புத்தகத்தில் இருந்த நிலை.

இந்த நிலையை எதிர்க்க 1907-ல் மான்செஸ்டர் நகரில் ஆட்டக்காரர் சங்கம் தோன்றியது. பில்லி மெரிடித், சார்லி ராபர்ட்ஸ் போன்ற பேர்பெற்றவர்கள் முன்னின்றார்கள். மற்றத் தொழிற்சங்கங்களோடு கைகோத்தார்கள். பொறுப்பார்களா மேலிடத்தார்? 1909-ல், “சங்கத்தைவிட்டு விலகு, இல்லையேல் ஆட்டத்தைவிட்டு விலகு” என்று எஃப்.ஏ. கட்டளையிட்டது. பலர் பணிந்தார்கள். மான்செஸ்டர் யுனைடெட் ஆட்டக்காரர்கள் பணியவில்லை. அந்த ஆண்டுதான் கோப்பை வென்று வந்திருந்த அவர்களைக் கிளப் நீக்கி வைத்தது. அவர்கள் தனியே மைதானம் தேடிப் பயிற்சி செய்தார்கள். ‘தள்ளப்பட்டோர் குழு’ என்று தங்களுக்கே பெயர் சூட்டிக்கொண்டு படமும் எடுத்துக்கொண்டார்கள்! சீசன் தொடங்கும் தறுவாயில் சமரசம் வந்தது. சங்கத்துக்கு அங்கீகாரம் கிடைத்தது. ஆனால் மற்றத் தொழிற்சங்கங்களோடு வைத்திருந்த உறவை அறுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. உச்சவரம்பும் அப்படியே நின்றது.

அந்த வரம்பு எப்படி நகர்ந்தது என்று பாருங்கள். 1920-ல் 9 பவுன். 1922-ல் அதையும் வெட்டி 8 பவுன். இரண்டாம் உலகப் போர் தொடங்கிய 1939-லும் அதே 8 பவுன்! 1947-ல் 12 பவுன். 1958-ல் 20 பவுன்; அதுவும் ஆட்டம் நடக்கும் மாதங்களில் மட்டும்; கோடையிலே 17. இதே காலத்தில் வாசல் வசூல் எப்படி? 1948–49 சீசனில் மட்டும் லீக் ஆட்டங்களைப் பார்க்க 4 கோடியே 10 இலட்சத்துக்கு மேல் டிக்கெட்டுகள் விற்றன.

இருபது பவுன் போதாதா?

இப்போது ரசிகனின் கேள்விக்கு வருவோம். 1960-ல் ஆலையில் வேலை செய்யும் ஆண் தொழிலாளி வாரத்துக்கு ஏறக்குறைய 15 பவுன் சம்பாதித்தான். “எனக்குப் பதினைந்து, அவனுக்கு இருபது. அவன் எதற்குக் கூப்பாடு போடுகிறான்?” என்று அவன் நினைத்ததில் தவறு காண முடியுமா?

அந்த ஆண்டு மான்செஸ்டரில் ஆட்டக்காரர்கள் கூடிய கூட்டத்திலேயே இந்தக் கேள்வி எழுந்ததாம். ‘பெரி’ என்ற ஊரின் கிளப்பைச் சேர்ந்த ஓர் இளைஞன் எழுந்து, “என் தகப்பனார் சுரங்கத் தொழிலாளி, அவரைவிட எனக்கு அதிகச் சம்பளம் கிடைக்கிறது, இன்னும் கேட்பது நியாயமா?” என்ற கருத்தில் பேசினானாம். அடுத்த ஊரான போல்ட்டன் கிளப்பின் டாமி பேங்க்ஸ் பதில் சொன்னார். சுரங்க வேலை எவ்வளவு கடினம் என்பது எனக்குத் தெரியும். ஆனால் உன் தகப்பனார் கரி வெட்டுவதைப் பார்க்க 30,000 பேர் காசு கொடுத்து வருவதில்லையே என்பது அவர் சொன்னதன் சாரம். கூட்டத்திலிருந்தவர்கள் பின்னாளில் திரும்பத் திரும்பச் சொல்லி மகிழ்ந்த பதில் இது.

நல்ல பதில்தான். ஆனால் பாதிப் பதில். மீதிப் பாதியை நாம் சொல்வோம்.

20 பவுன் என்பது கூரை, தரை அல்ல. அந்தக் கூரையைத் தொடாத ஆட்டக்காரர் பலர். 35 வயதுக்குள் அவன் தொழில் முடிந்துவிடும். முழங்கால் ஒரு முறை முறிந்தால் அதற்கு முன்னாலேயே முடிந்துவிடும். பிறகு, கற்றுக்கொள்ளாத வேறொரு தொழிலைத் தேடி அலைய வேண்டும். இங்கிலாந்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவரான டாம் ஃபின்னி, தண்ணீர்க் குழாய் வேலையையும் விடாமல் செய்துவந்தார் என்றால் யோசித்துக்கொள்ளுங்கள். 1952-ல் இத்தாலியின் பலெர்மோ கிளப் அவருக்கு 10,000 பவுன் முன்பணம் தருவதாக அழைத்தது. பிரஸ்டன் கிளப் விடவில்லை. விடாமலிருக்க அதற்கு உரிமை இருந்தது. போக அவருக்கு உரிமை இல்லை.

கிளப்பிலே பணம் இல்லையா? கிளப் டைரக்டர்கள் எல்லோரும் இலாபத்தை மூட்டை கட்டி வீட்டுக்குக் கொண்டுபோனார்கள் என்று சொன்னால் அது உண்மையாகாது. பங்கு இலாபத்துக்கே அக்காலத்தில் நூற்றுக்கு 7½ என்ற வரம்பு இருந்தது. ஆனால் பணம் எங்கே ஓடியது? ஆட்டக்காரனை ஒரு கிளப்பிலிருந்து இன்னொரு கிளப் வாங்கும் விலையாக ஓடியது! 1960 நவம்பரில் ஜார்ஜ் ஈஸ்ட்ஹாமை நியூகாசிலிடமிருந்து வாங்க ஆர்சனல் கொடுத்த விலை 47,500 பவுன். வாரம் 20 பவுன் வீதம் அந்தத் தொகையை அவர் சம்பாதிக்க வேண்டுமானால் 45 ஆண்டுகளுக்கு மேல் ஆட வேண்டும்! சூதாட்டக் கூப்பன் கம்பெனிகளும், ஆட்ட அட்டவணையை அச்சிடுவதற்காக மட்டும் 1959 முதல் ஆண்டுக்கு 2,45,000 பவுனுக்குக் குறையாமல் லீகுக்குக் கட்டணம் செலுத்த ஒப்பின. ஆட்டக்காரனின் காலுக்கு விலை இருந்தது. அந்த விலையில் அவனுக்குப் பங்கு இல்லை. இதுதான் தகராறு.

வராத வேலைநிறுத்தம்

1957-ல் ஃபுல்ஹாம் கிளப்பின் ஜிம்மி ஹில் சங்கத் தலைவரானார். செயலாளர் கிளிஃப் லாயிட். 1960-ன் இறுதியில் லண்டன், பர்மிங்ஹாம், மான்செஸ்டர் நகரங்களில் கூட்டங்கள் நடந்தன. மிகப் பெரும்பான்மையோர் வேலைநிறுத்தத்துக்குக் கை தூக்கினார்கள். நாளும் குறித்தாயிற்று: 1961 ஜனவரி 21, சனிக்கிழமை.

நாடு பரபரத்தது. “சனிக்கிழமை என்ன செய்வோம்?” என்றான் ரசிகன். “கூப்பன் என்னாகும்?” என்றான் மற்றொருவன். “எங்கள் ஊர்க் கிளப் திவாலாகிவிடுமே” என்றான் சின்ன ஊர்க்காரன். லீக் மேலிடமோ, சனிக்கிழமை ஆட்டங்களை ஒரு நாள் முன்னதாக, வெள்ளிக்கிழமைக்கே இழுத்து வேலைநிறுத்தத்தை ஏய்க்கப் பார்த்தது! தொழிற்சங்கக் காங்கிரஸ் ஆட்டக்காரர் பக்கம் நின்றது. கருங்காலிகளைத் தேடினாலும் எங்கே கிடைப்பார்கள்? இயந்திரத்தின் முன் யாரையாவது நிறுத்திவைக்கலாம். ஸ்டான்லி மாத்யூஸ் இருந்த இடத்தில் யாரை நிறுத்துவது?

தொழில் அமைச்சகம் தலையிட்டது. குறித்த நாளுக்கு மூன்று நாள் முன்பு, ஜனவரி 18-ல், உடன்பாடு ஏற்பட்டது. 60 ஆண்டுகள் நின்ற உச்சவரம்பு ஒழிந்தது. ஒரு சனிக்கிழமைகூடப் பாழாகவில்லை! சங்கம் உறுதியாக நின்றதால்தான் ஆட்டம் நடந்தது. ஆட்டக்காரர்கள் பிளவுபட்டிருந்தால், பேச்சுக்கு யாரும் வந்திருக்கமாட்டார்கள். தகராறு சீசன் முழுவதும் புண்ணாகப் புரையோடியிருக்கும்.

மற்ற விலங்கை உடைத்தது நீதிமன்றம். நியூகாசில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட மறுத்தபோது ஈஸ்ட்ஹாம் சம்பளமின்றித் தக்கை வியாபாரத்தில் வேலை பார்த்தவர். ஆர்சனலில் இடம் கிடைத்த பிறகு ‘எனக்கென்ன’ என்று அவர் போயிருக்கலாம். போகவில்லை. சங்கம் துணை நிற்க, மற்றவர்களுக்காக வழக்கை நடத்தினார். 1963 ஜூலை 4 அன்று நீதிபதி வில்பர்ஃபோர்ஸ், ஆட்டக்காரனைப் பிடித்துவைக்கும் அந்த முறை நியாயமற்ற தொழில் தடை என்று தீர்ப்பளித்தார்.

சின்ன ஊர்க் கிளப் செத்ததா?

ரசிகனின் கவலைகளிலே மிக ஆழமானது இதுதான்: “சம்பளத்தை அவிழ்த்துவிட்டால் பணக்காரக் கிளப் எல்லோரையும் வாங்கிக்கொள்ளும், எங்கள் ஊர்க் கிளப் மூடப்படும்.”

நடந்தது என்ன? உச்சவரம்பு ஒழிந்த பிறகு வந்த முதல் முழு சீசன் 1961–62. அதிலே லீக் பட்டத்தை வென்றது லண்டன் பணக்காரக் கிளப்பா? இல்லை. அந்த ஆண்டுதான் முதல் டிவிஷனில் காலடி வைத்த இப்ஸ்விச் என்ற சிறு நகரக் கிளப்! அதே 1962-ல் லீக் கோப்பை இறுதிவரை வந்தது, கூட்டுறவு இயக்கத்தின் தொட்டிலான ராச்டேல் ஊரின் நாலாவது டிவிஷன் கிளப்! அக்ரிங்டன் ஸ்டான்லி அந்த ஆண்டு கடனில் மூழ்கி லீகிலிருந்து விலகியது உண்மை. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கடன், உச்சவரம்பு இருந்த காலத்திலேயே ஏறிய கடன்.

பெரிய கிளப்புக்கும் சிறிய கிளப்புக்கும் இடையே பிறகு பள்ளம் விழுந்தது என்றால், அதை வெட்டியவர் யார்? வாசல் வசூலில் விருந்தாளிக் குழுவுக்குப் பங்கு கொடுக்கும் பழைய வழக்கம் 1983-ல் கைவிடப்பட்டது. கூட்டம் நிறைந்த மைதானம் உள்ளவன் முழு வசூலையும் வைத்துக்கொண்டான். 1992-ல் முதல் டிவிஷன் கிளப்புகள் தனியே பிரிந்து பிரீமியர் லீக் அமைத்தன. தொலைக்காட்சிப் பணத்தின் பெரும்பகுதி அவற்றோடு போயிற்று. இந்த இரண்டு முடிவுகளையும் எடுத்தது சங்கமா? இல்லை. கிளப் முதலாளிகள்!

இரண்டு ஊர்களின் பாடம்

மான்செஸ்டர் கூட்டத்தில் கேள்வி கேட்டவன் பெரி ஊர்க் கிளப்பைச் சேர்ந்தவன், பதில் சொன்னவர் போல்ட்டன் கிளப்பைச் சேர்ந்தவர் என்றோமே, அந்த இரண்டு கிளப்புகளும் 2019-ல் என்ன ஆயின தெரியுமா?

போல்ட்டன், 1888-ல் லீகைத் தோற்றுவித்த 12 கிளப்புகளில் ஒன்று. 2019-ல் அங்கே சம்பளம் நின்றது. ஏப்ரல் 27, சனிக்கிழமை, பிரென்ட்ஃபோர்டுடன் நடக்க வேண்டிய ஆட்டம் நடக்கவில்லை. சம்பளம் வராத ஆட்டக்காரர்கள் ஆட மறுத்தார்கள். ஆட்டக்காரன் மட்டுமா பட்டினி? அலுவலக ஊழியரும் பணியாட்களும் சம்பளமின்றித் தவித்தார்கள். அவர்களுக்கு உணவுப் பொருள் வழங்க அங்கேயே ஏற்பாடு செய்ய வேண்டி வந்தது. கோடிகள் புரளும் கால்பந்து நாட்டில், கிளப் ஊழியனுக்கு அரிசி பருப்புக்குத் திண்டாட்டம்!

பெரி கிளப்பின் கதை இன்னும் கொடியது. 2018 டிசம்பரில் ஒரு புதிய முதலாளி அதை ஒரே ஒரு பவுனுக்கு வாங்கினார். அடுத்த வசந்தத்தில், சம்பளம் தவறிய நிலையிலும் ஆட்டக்காரர்கள் ஆடினார்கள். கிளப்பை மேல் டிவிஷனுக்கு உயர்த்தினார்கள். அவர்கள் வேலைநிறுத்தம் செய்யவில்லை! பலன்? 2019 ஆகஸ்ட் 27 அன்று பெரி கிளப் லீகிலிருந்து நீக்கப்பட்டது. 125 ஆண்டு உறவு ஒரே நாளில் அறுந்தது. நீக்கம் வரும்வரை ரசிகர்கள் கையில் துடைப்பம் எடுத்து மைதானத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தார்கள், எப்படியும் ஆட்டம் நடக்கும் என்ற நம்பிக்கையில்.

1909, 1961 என்று இரு முறை சங்கம் வேலைநிறுத்த எச்சரிக்கை விட்டது. இரு முறையும் ஒரு சனிக்கிழமைகூட இழக்கப்படவில்லை. சம்பளம் கொடுக்காத முதலாளியின் கீழ் போல்ட்டன் ரசிகன் ஒரு சனிக்கிழமையை இழந்தான். கணக்கைக் காட்டாத முதலாளியின் கீழ் பெரி ரசிகன் எல்லாச் சனிக்கிழமைகளையும் இழந்தான். இப்போது சொல்லுங்கள், சனிக்கிழமையைப் பறித்தவர் யார்?

கோடீஸ்வர ஆட்டக்காரனும் தொழிலாளியா?

“அதெல்லாம் அந்தக் காலம் ஐயா! இன்றைக்குப் பெரிய ஆட்டக்காரன் ஒரு வாரத்தில் வாங்குவதை நான் பத்து ஆண்டு உழைத்தாலும் பார்க்க முடியாது. அவனுக்காக நான் ஏன் வாதாட வேண்டும்?” என்று ஒரு தோழர் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும்.

2001-ல் இந்தக் கேள்விக்கு ஆட்டக்காரர்களே பதில் சொன்னார்கள். தொலைக்காட்சிப் பணத்தில் சங்கத்துக்கு வரவேண்டிய பங்கைக் குறைக்க லீக் முயன்றது. அந்தப் பங்கு யாருக்கு? காயமுற்று ஆட்டத்தை இழந்தவனுக்கு; ஓய்வு பெற்ற முதியவனுக்கு; ஆட்டம் முடிந்தபின் வேறு தொழில் படிக்க விரும்பும் இளைஞனுக்கு; கீழ் டிவிஷன்களில் ஆடி, கிளப் மூழ்கும்போது சம்பளம் நின்றுபோகும் சாதாரண ஆட்டக்காரனுக்கு. வேலைநிறுத்த வாக்கெடுப்பில் நூற்றுக்கு 99 வாக்குகள் ஆதரவாக விழுந்தன! பேர்பெற்ற ஆட்டக்காரருக்கு அந்த நிதியால் ஒரு காசு தேவையில்லை. ஆனாலும் கை தூக்கினார்கள். அந்த நவம்பரில் உடன்பாடு வந்தது: மூன்று ஆண்டுகளுக்கு, ஆண்டுதோறும் 1 கோடியே 70 இலட்சம் பவுனுக்கு மேல். அப்போதும் ஓர் ஆட்டமும் நிற்கவில்லை. அடுத்த ஆண்டே, 2002-ல், கீழ் டிவிஷன் கிளப்புகளுக்குப் பணம் தர ஒப்பந்தம் செய்திருந்த தொலைக்காட்சிக் கம்பெனி நொடித்தது. 17 கோடியே 85 இலட்சம் பவுன் வராமல் போயிற்று. வேலையிழந்த ஆட்டக்காரன் ஓடிப்போய் நிற்க ஒரு வாசல் இருந்தது என்றால், அது சங்கத்தின் வாசல்தான்.

டிக்கெட் விலை ஏறியது, ஏழை ரசிகன் வெளியே தள்ளப்பட்டான் என்பது மெய். அதற்கும் ஆட்டக்காரன் தலையிலேயே பழி போடுவார்கள். ஆனால் விலைச் சீட்டை எழுதுகிறவன் ஆட்டக்காரன் அல்லவே! 2016-ல் லிவர்பூல் கிளப்பின் உரிமையாளர்கள் 77 பவுன் டிக்கெட் அறிவித்தார்கள். பிப்ரவரி 6 அன்று ஆட்டத்தின் 77-வது நிமிஷத்தில் ஏறத்தாழ 10,000 ரசிகர்கள் எழுந்து வெளியே நடந்தார்கள். நாலே நாளில் உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு அந்த விலையைக் கைவிட்டார்கள். இதற்கு என்ன பெயர்? வெளிநடப்பு! வேலைநிறுத்தத்தின் உடன்பிறப்பு! எந்த ஆயுதத்தை ஆட்டக்காரன் எடுத்தபோது ரசிகன் நடுங்கினானோ, அதே ஆயுதத்தை ரசிகன் தானே எடுத்தான், வென்றான்.

கவலை போதாது, காவல் வேண்டும்

ஆகவே ரசிகனிடம் சொல்ல வேண்டியது இதுதான். கவலைப்படு, ஆனால் சரியான திசையைப் பார்த்துக் கவலைப்படு. ஆட்டக்காரன் ஒரு பிற்பகல் ஆடாமல் நிற்பானோ என்று அஞ்சுவதைவிட, கிளப்பின் கணக்குப் புத்தகம் எந்தப் பெட்டியில் பூட்டியிருக்கிறது என்று கேள். “சம்பளத்தால் கிளப் சாகும்” என்று சொல்கிறவரிடம், “கணக்கைக் காட்டு” என்று சொல். சம்பளத் தகராறு பேச்சில் தீரும். கணக்கு மோசடி கதவடைப்பில்தான் முடியும்.

இங்கிலாந்து ரசிகர்கள் இதை உணரத் தொடங்கிவிட்டார்கள். பெரி ரசிகர்கள் சும்மா இருக்கவில்லை, மைதானத்தை மீட்டார்கள், 2023 முதல் அங்கே மறுபடி பந்து உருள்கிறது. எக்ஸ்டர் கிளப் 2003 முதல் ரசிகர்களின் கூட்டுடைமையில் நடக்கிறது. ரசிகர்களின் தொடர்ந்த வற்புறுத்தலால் 2025 ஜூலையில் கால்பந்து நிர்வாகச் சட்டம் நிறைவேறியது. கிளப்பை வாங்க வருகிறவன் யார், பணம் எங்கிருந்து வருகிறது என்று விசாரிக்கவும், ரசிகர்களைக் கலந்தே முக்கிய முடிவுகளை எடுக்க வைக்கவும் அச்சட்டத்தின் கீழ் தனி அதிகார அமைப்பு ஏற்பட்டிருக்கிறது. சட்டம் தானே காவல் காக்காது. காப்பவர்கள் விழித்திருந்தால்தான் காக்கும். ஆயினும் இது முன்னேற்றமே.

தொழிலாளி கேட்ட ஓய்விலே பிறந்தது அந்தச் சனிக்கிழமை. தொழிலாளியின் காலிலே வளர்ந்தது அந்த ஆட்டம். தொழிலாளியின் காசிலே நின்றது அந்த மைதானம். படிக்கட்டிலே நின்று ஆரவாரிப்பவனும், புல்தரையிலே ஓடி வியர்ப்பவனும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். அந்த இருவரையும் பிரித்துவைத்தால்தான் நடுவிலே இருப்பவனுக்கு வாழ்வு.

அடுத்த முறை எந்தத் தொழிலிலாவது வேலைநிறுத்தம் என்ற செய்தி வந்து, “பொதுமக்கள் பாவம்” என்று யாராவது கண்ணீர் வடித்தால், அந்தக் கண்ணீரைப் பார்த்து நாம் ஏமாற வேண்டாம். கூலி பாக்கி எத்தனை மாதம், கணக்கு எங்கே, முடிவெடுப்பவர் யார் என்ற மூன்று கேள்விகளை முதலில் கேட்போம். பதில் வந்த பிறகு, யாரைக் கண்டு கவலைப்படுவது என்பது தானே விளங்கும்!